கெட்டிமேளம் கேட்டால் குனியும் கழுத்து

சென்னைக்குப் போய் மூன்று டெலிவிஷன் நாடகங்களில் நடித்திருக்கிறேன். எழுபதுகளின் கடைசி அது. ஒன்றில் ரிட்டயர்டு தாசில்தார், இன்னொன்றில் பெண்ணைப் பெற்றவன், மூன்றாவதில் கூட்டத்தில் நின்று தலையாட்டுகிறவன். மூன்றையும் எங்கள் ஊரில் ஒரு ஆளும் பார்க்கவில்லை. அப்போது திருப்பூரில் டெலிவிஷன் எடுக்காது. "நான் டிவியில வந்தனுங்க" என்று சொன்னால், "அப்படீங்களா, ரொம்ப சந்தோசமுங்க" என்பார்கள். மரியாதைக்குக் குறைச்சல் இல்லாத ஊர். நம்பினார்களா என்பது வேறு விஷயம்.

அதே ஊர் என் கல்யாணத்தில் நான் செய்த காரியத்தை மட்டும் இன்றுவரை மறக்கவில்லை. நேரில் பார்த்தவர்கள் இருநூறு பேர் இருந்தால் அதிகம். பார்த்ததாகச் சொல்கிறவர்கள் எத்தனை ஆயிரமோ. கண்டவர்கள் கண்டபடி சொல்லித் திரிவதைவிட, செய்தவன் நானே எழுதிவிடுகிறேன்.

ஐம்பதுகளின் நடுவில், பதினாறு வயதில், பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். நல்லூர்ப் பக்கத்தில் எங்களுக்கு இருந்த கொஞ்சம் வெள்ளாமைக் காட்டில் கிணறு வற்றிப்போய்விட்டது. அப்பா என்னைக் கூட்டி வந்து கட்டிங் மாஸ்டரிடம் விட்டார். அந்த மாஸ்டர் பகலில் துணி வெட்டுவார், சாயங்காலம் நாடகம் எழுதுவார். கம்பெனி ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்து ஒரு நாடகக் குழு வைத்திருந்தார். அங்கே அவருக்கு வாத்தியார் என்று பெயர். துணியை விரித்து எத்தனை பனியன் தேறும் என்று பார்ப்பாரே, அதே பார்வையைத்தான் முதல் நாள் என்மேலும் ஓட்டினார்.

"மீச இன்னும் வரலியா கண்ணு?"

"இல்லீங்க."

"ரொம்ப நல்லது. வந்தாலும் உட்றாதே."

அப்படித்தான் பெண் வேஷத்துக்கு வந்தேன். வெளியூரிலிருந்து நடிகையைக் கூட்டிவர எங்கள் குழுவுக்கு வசதி கிடையாது. உள்ளூரில் எந்த வீட்டுப் பெண்ணையாவது மேடையேறக் கூப்பிட்டால் அடி விழும். ஆகவே நான்தான் கதாநாயகி. துணி வெட்டியது போக மிஞ்சும் துண்டுகளுக்குக் கம்பெனியில் வேஸ்ட் என்று பெயர். மெஷின் துடைக்க ஆகும். எங்கள் குழுவில் அதற்கு வேறொரு உபயோகமும் இருந்தது. பாங்காகச் சுருட்டி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டால், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் முதலாளிக்கே அது தன் கம்பெனிச் சரக்கு என்று தெரியாது.

பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத வந்தேன். எதற்குப் பொய்? பெருமைக்காகத்தான் சொல்கிறேன். என் நடையைப் பார்த்துவிட்டு, எந்த ஊர்ப் பெண் என்று விசாரித்தவர்கள் உண்டு. நடை, கை அசைவு எல்லாம் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. தண்ணீர்க் குழாயடியில் ஒரு பெண் குடத்தைக் கோபமாக வைப்பதற்கும் அவசரமாக வைப்பதற்கும் வித்தியாசம் உண்டு. எதிரே சைக்கிளை நிறுத்திக்கொண்டு பார்ப்பேன். ஒரு தடவை செருப்பு பறந்து வந்தது. அதை வீசிய கையையும் கவனித்துக்கொண்டேன்.

வாத்தியார் எழுதும் நாடகம் எதுவானாலும் கல்யாணத்தில்தான் முடியும். கதாநாயகன் தாலி கட்டுவான், திரை விழும். அந்தக் காட்சிக்கு மட்டும் அவர் தனியாக ஒத்திகை வைப்பார். ஒரு தகர டப்பாவைக் குச்சியால் தட்டி, அதுதான் கெட்டிமேளம் என்பார்.

"சத்தம் கேட்டா கழுத்து தானாக் குனியோணும். நெனச்சுக் குனியப்படாது. எடது கையில சடைய ஒதுக்கு. கண்ண மூடு. ம், மறுக்கா!"

ஏழெட்டு வருஷம் இப்படிக் குனிந்திருக்கிறேன். ஓவர்லாக் டெய்லர் தாலி கட்டியிருக்கிறார், ஆபீஸ் கிளார்க் கட்டியிருக்கிறார், கதாநாயகனுக்குக் காய்ச்சல் வந்த நாளில் டீக்கடைக்காரரும் கட்டியிருக்கிறார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். உடுமலைப்பேட்டைப் பக்கம், தென்னந்தோப்புக்காரர் மகள். மாமனாராக வரப்போகிறவருக்கு மீசை எப்படி என்றால், காபி குடிக்குமுன் அதை விரலால் தூக்கிவிட்டுக்கொண்டுதான் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவார். அவர் என் மேலுதட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை ஏதாச்சும் வேண்டுதலுங்களா?" என்று என் அப்பாவைக் கேட்டார்.

அப்பா உண்மையைச் சொன்னார். மாமனார் எழுந்துபோய்த் தோப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். பிறகு, "மீச வெக்கோணும். பொம்பள வேசம் இனி ஆகாதுங்க. இதுக்குச் சரின்னா மேற்கொண்டு பேசலாமுங்க" என்றார். நான் உடனே சரி என்றேன். ஏனென்றால் அதற்குள் அந்தப் பெண் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒரே ஒரு தடவை என்னை நேராகப் பார்த்துவிட்டுப் போயிருந்தாள். அந்தப் பார்வைக்கு மீசை என்ன, தாடியும் சேர்த்தே வளர்த்திருப்பேன்.

தை மாதம் கல்யாணம். நாற்பது நாள் மீசையோடு மணவறையில் உட்கார்ந்தேன். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாடுவது நாவிதர். அவர் கணீரென்று பாடி முடித்தார். பெரியவர்கள் தொட்டுக் கும்பிட்ட தாலியைத் தட்டில் வைத்து என் முன்னால் நீட்டினார்கள். நான் கையை நீட்டி எடுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கெட்டிமேளம் கொட்டியது.

என் இடது கை பிடரிக்குப் போய், இல்லாத சடையை ஒதுக்கியது. கழுத்து குனிந்தது. கண்ணையும் மூடிக்கொண்டேன். மேளம் கொட்டிக்கொண்டேயிருந்தது. என்ன இது, இன்னும் யாரும் கட்டவில்லையே என்று எனக்கே சந்தேகம் வந்துதான் கண்ணைத் திறந்தேன்.

"ஏனுங்க, மாப்பிள்ளைக்கு யாருங்க தாலி கட்டறது?" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அவ்வளவுதான். பந்தல் முழுக்கச் சிரிப்பு. நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. வாத்தியாரும் சிரிக்கவில்லை. அவர் முகத்தில், சொல்லிக்கொடுத்தது இவ்வளவு நன்றாகப் படிந்திருக்கிறதே என்கிற திருப்திதான் இருந்தது. நான் அவசரமாகத் தாலியை எடுத்து, மூன்று முடிச்சுப் போட்டேன்.

கல்யாணமாகி ஐந்தாம் நாள் வேலைக்குப் போனால், கம்பெனி வாசலிலேயே பிடித்துக்கொண்டார்கள். நாலு பேர் கேலி செய்வதற்குமுன் நானே செய்து காட்டிவிட்டால் மானம் தப்பும் என்று நினைத்தேன். டீ நேரத்தில் கட்டிங் மேஜைமேல் ஏறி மணவறைக் காட்சி முழுவதையும் நடித்தேன். நாவிதர், நாதஸ்வரக்காரர், மாமனார், கடைசியில் மணப்பெண். தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் ஓரமாகத் திருப்பி அவள் என்னைப் பார்த்ததையும், சிரிப்பை அடக்குகிறவள்போல அவள் உதடு துடித்ததையும் செய்து காட்டினேன். அதற்குத்தான் கைதட்டல் அதிகம். அடுத்த வாரம் நிட்டிங் செக்ஷன்காரர்கள் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். பக்கத்துக் கம்பெனியிலிருந்துகூட வந்தார்கள். பெண் வேஷத்தை விட்டவனுக்கு அந்தக் கைதட்டல் பெரிய ஆறுதலாக இருந்தது.

நாங்கள் குடியிருந்தது எட்டு வீடு ஒரே வரிசையாக இருக்கும் லைன் வீட்டில். என் மனைவி அதிகம் பேசமாட்டாள். வேலையெல்லாம் சுத்தம். தண்ணீர் கொடுக்கும்போது செம்பின் விளிம்பை முந்தானையால் ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் கொடுப்பாள். மாசி பங்குனி வாக்கில் அவளிடம் ஒரு புது வழக்கத்தைக் கவனித்தேன். சாயங்காலம் முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குவாள். காலையில் பொறுக்கிச் சுத்தம் செய்த அதே அரிசி. ஒரு கல்லும் இருக்காது. இருந்தாலும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பாள். எதையோ எடுப்பாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள், அது அரிசியாகத்தான் இருக்கும், திரும்ப முறத்திலேயே போடுவாள். நான் பேப்பர் படிக்கிற சாக்கில் கட்டிலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தோளைக் குறுக்கி உட்கார்ந்திருக்கும் விதம், நடுவில் ஒரு நிமிஷம் கை நின்றுபோவது, மணிக்கட்டால் நெற்றி முடியைத் தள்ளுவது எல்லாம் எனக்கு மனப்பாடம். பிறந்த வீட்டு ஞாபகமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடி பிறந்தது. கல்யாணமான முதல் ஆடி என்பதால் மாமனார் வந்து முறைப்படி மகளைக் கூட்டிக்கொண்டு போனார். புதுப்பெண் அந்த மாதம் முழுக்கப் பிறந்த வீட்டில் இருக்க வேண்டும். "பதினெட்டாம் பெருக்கு நோம்பிக்கு நீங்களும் வந்தர்றீங்க" என்று எனக்கு உத்தரவும் போட்டுவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் வாத்தியார் வந்தார். பதினெட்டாம் பெருக்கு சாயங்காலம் நாடகம். கொழும்புக்கு வேலைக்குப் போன புருஷன் வராமல், ஊரில் காத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் கதை. அவர் எழுதியதில் கல்யாணத்தில் முடியாத முதல் நாடகம். எனக்குப் பிறகு பெண் வேஷம் கட்டிக்கொண்டிருந்தவனுக்குப் பொன்னுக்கு வீங்கி.

"ஒரு கன்னம்னா பவுடரப் போட்டுச் சமாளிச்சரலாம். ரெண்டும் வீங்கிப்போச்சு. ஒரே ஒரு நாள்" என்றார்.

மாட்டேன் என்றேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். மூன்றாவது தடவை மறுக்கும்போதே என் கை மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆவணி பிறக்க அதற்குப் பிறகு பதினான்கு நாள் இருக்கிறது, எப்படியும் முளைத்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாமனாருக்கு ஒரு தபால் கார்டு எழுதினேன். கம்பெனியில் அவசர ஆர்டர், நோம்பிக்கு வர இயலவில்லை, மன்னிக்கவும். நோம்பிக்குக் கம்பெனியே லீவு என்பது தோப்புக்காரருக்கு எப்படித் தெரியப்போகிறது?

அந்த நாடகத்தில் ஒரு காட்சிக்கு வசனமே இல்லை. புருஷனிடமிருந்து கடுதாசி வராத நாள். "இங்கெ நீ தனியா உக்காந்து அழுதுக்க. ரெண்டு நிமிசம்" என்றார் வாத்தியார். வசனம் இல்லாமல் அழுதால் பொய்யாக இருக்கும் என்று எனக்குப் பட்டது. "ஒரு மொறமும் கொஞ்சம் அரிசியும் குடுங்க, நா பாத்துக்கறேன்" என்றேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் மேடை. நோம்பி நாள் ஆனதால் நல்ல கூட்டம். பெண்களுக்கு ஒரு பக்கம், ஆண்களுக்கு ஒரு பக்கம். முதல் இரண்டு காட்சியும் அருமையாகப் போயின. ஏழு மாதத்துக்குப் பிறகு சேலை, வளையல், கூட்டத்தின் மூச்சு. எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. ஆசையாக இருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாவது காட்சி. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தோளைக் குறுக்கினேன். அரிசியைத் தள்ளினேன். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டேன். பெண்கள் பக்கம் பேச்சு நின்றுவிட்டது. கை நின்றுபோக வேண்டிய இடத்தில் கையை நிறுத்திவிட்டுத் தலையை மெல்லத் தூக்கினேன். மூன்றாவது வரிசையில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

பிறகு தெரிந்தது, மாப்பிள்ளை நோம்பி நாளில் பட்டினியாக வேலை செய்கிறாரே என்று மாமனாருக்கு மனசு கேட்கவில்லையாம். முறுக்கும் கச்சாயமும் டிபன் கேரியரில் வைத்து, மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். வீடு பூட்டியிருந்தது. "டிராமாவுக்குப் போயிருக்கறாருங்க" என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். நான் நாடகம் பார்க்கப் போயிருப்பதாக நினைத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்திருக்கிறார்கள்.

அந்த இடத்தில் நான் எழுந்து உள்ளே போயிருக்கலாம். முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா அழுதிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணிக்கட்டால் நெற்றி முடியைத் தள்ளினேன். காட்சி நன்றாக வந்துகொண்டிருந்தது, அதை விட மனசு வரவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது இதுதான்.

நாடகம் முடிந்து, படுதா கட்டிய வகுப்பறையில் சவுரியைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தேன். மாமனார் டிபன் கேரியரோடு படுதாவை விலக்கிக்கொண்டு வந்தார். கண் சிவந்திருந்தது. துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"ஏம்மா, உம்பட நடிப்பு மனசக் கரச்சுப்போட்டுது தாயி. நல்லா இருப்பே. இங்கெ எங்க மாப்பிள்ளை எங்காச்சும் நின்னாருன்னா கொஞ்சம் கூப்புடும்மா" என்றார்.

பின்னாலேயே வந்த என் மனைவி, "அப்பா, அவருதானுங்க அது" என்றாள்.

மாமனார் என்னை மேலும் கீழும் பார்த்தார். கை மீசைக்குப் போயிற்று.  ஒரு நிமிஷத்துக்கு முன்னால்தான் எனக்காக அழுதுவிட்டு வந்திருந்தார், உடனே கோபத்துக்கு எங்கே போவார்? டிபன் கேரியரை பெஞ்சுமேல் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

மீசையைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன். தபால் கார்டைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன். இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன்.

"நா கல்லுப் பொறுக்கறத எப்பப் பாத்தீங்க?" என்று கேட்டாள்.

"தெனமுந்தான் பாத்தேன்."

"வந்த கொஞ்ச நாள்லீருந்தேவா?"

"ஆமா."

"தெனமும் பாத்தீங்க. கை எங்கெ நிக்கும்னு கூடப் பாத்து வெச்சிருக்கறீங்க." குரல் உயரவில்லை. "பாத்துட்டு, என்னாச்சு புள்ளேன்னு ஒரு வார்த்த கேக்கோணும்னு தோணலீங்களா?"

இதற்கு எனக்கு வசனம் யாரும் எழுதிக்கொடுத்திருக்கவில்லை. கட்டிய சேலையோடு நின்றேன். அவள் போய்விட்டாள். அப்பாவும் மகளும் அப்படியே உடுமலைக்கு பஸ் ஏறிவிட்டார்கள்.

அந்தப் பதினான்கு நாளைப் போல ஒரு காலத்தை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. இரண்டு தபால் கார்டு எழுதினேன், பதில் இல்லை. ஆவணி பிறந்தால் மகளைக் கொண்டுவந்து விடுவது அவர்கள் முறை. விடமாட்டார்கள் என்றே எனக்குத் தோன்றியது. விட்டாலும், அவள் மனசு வராமல் வந்து என்ன? கம்பெனியில் எல்லோரும் கையைப் பிடித்துக்கொண்டு பாராட்டினார்கள். வாத்தியார் அடுத்த நாடகத்துக்குக் கதை வைத்திருப்பதாகச் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் எதற்காக அப்படி உட்கார்ந்திருந்தாள் என்று யோசித்துப் பார்த்தேன். அவள் உட்கார்ந்திருந்த விதம்தான் வந்ததே ஒழியக் காரணம் வரவில்லை.

ஆவணி முதல் தேதி நானே உடுமலைக்குப் போனேன். இரண்டு வார மீசை. மாமனார் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வாங்க மாப்பிள்ளை" என்றார். மரியாதைக்குக் குறைவில்லை. அதற்குமேல் பேச்சும் இல்லை. அவள் பெட்டியைக் கட்டி வைத்திருந்தாள். முறைக்காக வருகிறாளா, எனக்காக வருகிறாளா என்று தெரியவில்லை. இரண்டு பேரும் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். தோப்பெல்லாம் தாண்டுகிற வரைக்கும் எனக்குத் தைரியம் வரவில்லை.

"என்னாச்சு புள்ள?" என்றேன். ஐந்தாறு மாதம் தாமதமாக.

 மெல்லச் சொன்னாள். "கண்ணாலத்துல நீங்க தலயக் குனிஞ்சப்ப நா சிரிக்கவே இல்லீங்க. பயத்துல எனக்கு ஒதடெல்லாம் ஆடிட்டிருந்துச்சு. ஊரு தெரியாத எடத்துக்கு எப்படிப் போறதுன்னு. அப்பப் பாத்தா நீங்க என்னய விடப் பயந்து போயி உக்காந்திருக்கறீங்க. அடடா, நமக்குச் சோடி ஒரு ஆள் இருக்குதுன்னு எனக்குச் சந்தோசமாப் போச்சு. அந்த ஒரு நிமிசந்தான் எம்பட கண்ணாலம்னு வெச்சிருந்தனுங்க. நீங்க அதயக் கொண்டுபோயி மேசமேல ஏறி ஊருக்கெல்லாம் செஞ்சு காட்டுனீங்களாமா. எம்பட ஒதடு ஆடுனதயும். கொழாயடியில பொம்பளைக சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

நான் பயந்துபோய்க் குனியவில்லை, பழக்கத்தில்தான் குனிந்தேன் என்று அவளிடம் அன்றைக்குச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. "தப்புத்தான்" என்றேன். "இன்னும் சொல்லு" என்றேன்.

சொன்னாள். பல்லடம் வந்தது, இறங்குகிறவர்கள் இறங்கி, ஏறுகிறவர்கள் ஏறினார்கள், அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். முதல் நாள் லைன் வீட்டில் தூக்கம் வராததை, எங்களைப் பார்க்க வந்தபோது என் அம்மா சொன்ன ஒரு வார்த்தையை, நான் சாப்பிட்டுவிட்டு நன்றாயிருந்தது என்று ஒரு நாளும் சொல்லாததை. அப்போது அவள் கையை எங்கே வைத்திருந்தாள், அழுதாளா, எந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தாள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை. அவள் சொன்னது ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கிறது.